கம்ப்யூட்டர் சென்டரில் கரண்டைக் குறைப்பது எப்படி: மீட்டரில் தொடங்கி சோலாரில் முடியும் வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கம்ப்யூட்டர் சென்டர், இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கும் பள்ளிக்கூட லேப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் எழுதுவது இது. காவேரிப்பட்டணத்தில் நான் நடத்தும் சென்டரில் இரண்டு மாதத்துக்கு 1,350 யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது 600 பக்கம்தான் வருகிறது. கம்ப்யூட்டர் எண்ணிக்கை அதே 12, வேலை நேரமும் அதே பத்து மணி நேரம்.

அப்புறம் நாலைந்து பேருக்கு இதே வேலையில் கூட நின்றேன். எல்லோரும் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான்: வரிசை. பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, சோலார் போட்டுட்டேன், பில் நெனச்ச அளவு குறையலையே?" போய்ப் பார்த்தால் மொட்டைமாடி முழுக்கப் பேனல், கீழே யாரும் உட்காராத எட்டு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டைக் குடத்துக்குப் பெரிய மோட்டார் வாங்கிய கதை. அதனால் கீழே உள்ள படிகளை மாற்றிப் போடாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியின் செலவைக் குறைக்கிறது.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

கடந்த ஒரு வருடத்து மின் கட்டண ரீடிங். ஆறு பில் இருக்கும், எல்லாம் வேண்டும். சித்திரை வெயில் மாதத்தை மார்கழியோடு ஒப்பிட்டு "பாதியாகிவிட்டது" என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. போன வருடம் இதே இரண்டு மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

பிளக்கில் செருகிப் பார்க்கும் சின்ன எனர்ஜி மீட்டர் ஒன்று. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் சுற்றிக் கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும், இது தினம் தேவைப்படும் பொருள் அல்ல.

லைன் பிரிக்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரின் அரை நாள். ஒரு நோட்டு.

வாடகைக் கட்டடம் என்றால் இன்னொன்று: உங்கள் மீட்டரில் பக்கத்துக் கடையோ மாடியில் ஏறும் தண்ணீர் மோட்டாரோ சேர்ந்து ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பதுதான் சுலபமான வழி.

1. மீட்டர் விளக்கை எண்ணுங்கள்

இ.பி. மீட்டர் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஒரு எண் போட்டிருப்பார்கள். ஒரு யூனிட் ஓடி முடிய அந்த விளக்கு அத்தனை முறை சிமிட்டும் என்று அர்த்தம்.

போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு பத்துச் சிமிட்டலுக்கு எத்தனை வினாடி என்று பாருங்கள். மீட்டர் 3200 என்றால் 11,250ஐ அந்த வினாடியால் வகுத்தால் அந்த நேரத்தில் ஓடும் வாட் வந்துவிடும். 1600 மீட்டருக்கு 22,500ஐ வகுக்க வேண்டும். பத்துச் சிமிட்டல் 9 வினாடியில் முடிந்தால் 1,250 வாட். மீட்டரைத் தொடவே வேண்டாம், கண்ணால் பார்ப்பது மட்டும்தான்.

இதை மூன்று நேரத்தில் செய்யுங்கள்: காலையில் கூட்டம் இல்லாதபோது, மதியம் எல்லாம் ஓடும்போது, ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு. மூன்றாவதுதான் முக்கியம். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

நான் செய்த அன்று எல்லா கம்ப்யூட்டரும் ஷட்டவுன், லைட் அணைத்தாயிற்று, ஷட்டர் பாதி இறக்கியாயிற்று. இருட்டில் அந்தச் சிவப்பு விளக்கு சிமிட்டியது. நின்று எண்ணினேன், பத்துச் சிமிட்டலுக்கு 56 வினாடி. 200 வாட். கடையில் ஆளே இல்லாத 14 மணி நேரத்துக்கு ஓர் இரவில் 2.8 யூனிட், இரண்டு மாதத்தில் 168 யூனிட். இந்திய மின் கட்டமைப்பில் ஒரு யூனிட் தயாரிக்க சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. அப்படிப் பார்த்தால் பூட்டிய கடை 118 கிலோ புகை விட்டிருக்கிறது.

அடுத்து பிளக் மீட்டரைச் செருகி ஒவ்வொரு பொருளையும் தனியாக அளந்து நோட்டில் எழுதுங்கள். ஓடும்போது எவ்வளவு, சும்மா இருக்கும்போது எவ்வளவு, ஷட்டவுன் செய்த பிறகு எவ்வளவு என்று மூன்று எண் வேண்டும். பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து எழுதாதீர்கள். அது உச்ச அளவு. 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை) என்று போட்டிருக்கும் பெட்டி சாதாரண டைப்பிங் வேலைக்கு 75 வாட்தான் இழுக்கும்.

2. ராத்திரிக் கசிவை அடைத்துவிடுங்கள்

இந்தப் படிக்குச் செலவு அனேகமாக எலெக்ட்ரீஷியன் கூலி மட்டும்தான்.

என் 200 வாட்டைப் பிரித்தபோது 130 வாட் யூபிஎஸ், மீதி ரவுட்டர், நெட்வொர்க் ஸ்விட்ச், பிரிண்டர், ஷட்டவுன் ஆன பிறகும் ஆளுக்கு மூன்று நாலு வாட் குடிக்கும் 12 பெட்டி, அவற்றின் மானிட்டர். ஆகவே லைனை இரண்டாகப் பிரித்தேன். சிசிடிவி பதிவுப் பெட்டி (டிவிஆர்), ரவுட்டர் ஒரு எம்சிபி (லைனைத் தனியாக அணைக்கும் சின்ன சுவிட்ச்). மற்றதெல்லாம் இன்னொன்று. ராத்திரி யூபிஎஸ்ஸை அணைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் இறக்கிவிட்டுப் போகிறோம்.

இங்கே புதிதாக வருபவர்கள் இரண்டு தப்பு செய்கிறார்கள். ஒன்று, கம்ப்யூட்டர் அப்டேட் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே எம்சிபியை இறக்கிவிடுவது. மறுநாள் இரண்டு மெஷின் எழாது. ஷட்டவுன் கொடுத்து, எல்லாப் பெட்டியின் பவர் விளக்கும் அணைந்த பிறகுதான் எம்சிபி.

இன்னொன்று யூபிஎஸ். சாயங்காலம் கரண்ட் போய் பேட்டரி இறங்கியிருந்தால், அன்று ராத்திரி யூபிஎஸ்ஸை அணைக்கக் கூடாது. லெட் ஆசிட் பேட்டரி காலியாகக் கிடந்தால் உள்ளே சல்ஃபேட் படிந்து சீக்கிரம் செத்துப்போகும். அன்று ஒரு ராத்திரி சார்ஜ் ஏறட்டும், அடுத்த நாளிலிருந்து அணைக்கலாம். கரண்ட் மிச்சம் பிடிக்கப் போய் பேட்டரிக்குச் செலவு செய்தால் கணக்கு நேராகாது.

டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) டேட்டாவுக்கென்று ஒரு பழைய கம்ப்யூட்டரை 24 மணி நேரமும் சர்வராக ஓட விட்டிருந்தார் தர்மபுரியில் ஒருவர். 80 வாட் என்றாலும் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். ராத்திரி யாரும் டேலி போடுவதில்லை. அவர் தன் மேஜையிலேயே இருக்கும் மெஷினுக்கு டேட்டாவை மாற்றிக்கொண்டார், முடிந்தது வேலை.

3. முதலில் எஸ்எஸ்டி, பிறகு ஸ்லீப்

பகலில் சும்மா ஓடும் மெஷின்தான் அடுத்த கசிவு. "ஆள் இல்லேன்னா ஆஃப் பண்ணிடுப்பா" என்று பையன்களிடம் நூறு தடவை சொன்னேன், நடக்கவில்லை. காரணம் சோம்பல் என்று நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது, பழைய ஹார்ட் டிஸ்க்கில் மெஷின் எழ மூன்று நிமிடம். கஸ்டமர் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது எவன் அணைப்பான்? எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போடும், அதைவிட வேகமான சேமிப்பு) போட்டேன், இருபது முப்பது வினாடியில் எழுகிறது. அணைக்கச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

அதன் பிறகு பவர் செட்டிங்கில் மானிட்டர் 5 நிமிடத்தில் அணையவும், மெஷின் 15 நிமிடத்தில் ஸ்லீப் போகவும் வைத்தேன். ஸ்லீப்பில் இரண்டு மூன்று வாட்தான். ஸ்க்ரீன் சேவர் எதையும் சேமிப்பதில்லை, அது ஓடும்போது மானிட்டரும் ஓடுகிறது.

ஓடிபிக்காகக் காத்திருக்கும் அரசு விண்ணப்ப வேலை நடக்கும் மெஷினுக்கு மட்டும் 30 நிமிடம் கொடுங்கள். பாதி விண்ணப்பத்தில் ஸ்லீப் போய் லாகின் அறுந்துவிட்டால் அன்றைக்கே எல்லா மெஷினிலும் செட்டிங்கைத் தூக்கிவிடுவார்கள்.

மானிட்டர் வெளிச்சத்தை 100லிருந்து 50க்கு இறக்குங்கள். என்னுடையது 20 வாட்டிலிருந்து 13க்கு வந்தது. கண்ணுக்கும் நல்லது.

4. தூசி

சின்னப் படிதான். ஆனால் நம் ஊரில் விடக் கூடாது. ரோட்டோரக் கடை, அதிலும் கிரானைட் பாலீஷ் பட்டறை பக்கத்தில் இருந்தால், ஆறு மாதத்தில் ப்ராசசர் ஃபேனுக்குக் கீழே மாவு போல் படிந்துவிடும். சூடு வெளியேறாமல் ஃபேன் முழு வேகத்தில் அலறும், மெஷின் மந்தமாகும், "பழசாயிடுச்சு, மாத்தணும்" என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும்.

5. மெஷினை மாற்றுவதா வேண்டாமா

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும் என்பது கணக்கு. அதனால் நம் சென்டர்களில் இருக்கும் பழைய ஐ3 பெட்டிகளில் பெரும்பாலானவை வெளியே நிற்கின்றன. விற்க வருபவர்கள் இதைச் சொல்லித்தான் புது மெஷின் தலையில் கட்டுகிறார்கள்.

யோசித்துச் செய்யுங்கள். ஒரு சின்ன கம்ப்யூட்டர் தன் ஆயுளில் உண்டாக்கும் புகையில் கணிசமான பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. கரண்ட் மிச்சம் என்ற பெயரில் ஓடுகிற மெஷினைத் தூக்கிப்போட்டுப் புத்தம் புதிது வாங்கினால், சுற்றுச்சூழல் கணக்கில் கடனோடுதான் தொடங்குவோம்.

நான் பார்த்த வழி இரண்டு. டைப்பிங், பிரவுசிங் பயிற்சிக்கு மட்டும் பயன்படும் மெஷின் நன்றாக ஓடினால் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முன்பு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் என்ற ஒரு வகை லினக்ஸும் வந்தது. அதில் பழகிய பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

விண்டோஸ் கட்டாயம் வேண்டும் என்றால், கம்பெனிகள் கழித்துவிட்ட சின்ன டப்பா மெஷின்கள், ஒரு தடித்த புத்தகம் அளவுதான் இருக்கும், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கின்றன. நமக்குப் பக்கம்தானே. அவை கரண்ட் குறைவாக இழுக்கும் ப்ராசசரில் ஓடுபவை. சும்மா இருக்கும்போது 10லிருந்து 15 வாட். மானிட்டரும் சேர்த்து எனக்கு 32 வாட் வந்தது, பழைய பெட்டிக்கு 95. வாங்கும் முன் மூன்றைக் கடையிலேயே பாருங்கள்: ப்ராசசர் 8ஆம் தலைமுறையா அல்லது அதற்கு மேலா, அடாப்டர் அந்த மெஷினுக்கே உரியதா, பயாஸில் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை செட்டிங்) பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு கிடக்கிறதா. மூன்றாவதில் நான் ஒரு முறை ஏமாந்து, ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரும்ப பஸ் ஏறினேன்.

ஆல்பம் டிசைன், வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்த டப்பா போதாது. கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷின் தேவைதான். ஆனால் அந்தக் கார்டின் மின் வரம்பை 75 சதவீதம் பக்கம் இறக்கிப் பாருங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், ஃபேன் சத்தமும் சூடும் நன்றாகவே குறையும். ரெண்டரிங் முடிந்ததும் தானாக ஷட்டவுன் ஆகும்படி வையுங்கள். நடுராத்திரி ஒரு மணிக்கு முடிந்த வேலைக்கு மெஷின் காலை ஒன்பது வரை காவல் காக்க வேண்டியதில்லை.

6. யூபிஎஸ்ஸை இப்போதுதான் தொட வேண்டும்

மெஷின் மாற்றும் முன் யூபிஎஸ் மாற்றினால் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிவிடுவோம். ஆன்லைன் யூபிஎஸ் வரும் கரண்டை ஒரு முறை டிசியாக்கி மறுபடி ஏசியாக்கித் தருகிறது. லோடு குறைவாக இருந்தாலும் தனக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். 12 பெட்டிக்கு வாங்கிய மூன்று கேவிஏ, 12 டப்பாவுக்கு யானைத்தீனி. என் லோடு 400 வாட்டுக்குள் வந்த பிறகு கம்ப்யூட்டருக்கு ஏற்ற யூபிஎஸ் மோடு உள்ள சாதாரண இன்வெர்ட்டரே போதுமானதாக இருந்தது.

7. சூடும் ஏசியும்

கம்ப்யூட்டர் இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட முழுவதும் அறைக்குள் சூடாகத்தான் வெளியே வருகிறது. 100 வாட் சூட்டை வெளியேற்ற ஏசி 30 வாட்டுக்கு மேல் எடுக்கும். அதனால்தான் ஏசியை ஏழாவது படியில் வைத்தேன். 95 வாட் பெட்டிகள் இருந்த அறைக்கு ஒன்றரை டன் போட்டவர், மெஷின் மாறிய பிறகு ஒரு டன்னே போதும் என்று கண்டுபிடிப்பார்.

ஏசிக்கு முன் கூரை. மேல்மாடியில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல், மே மாதத்தில் தளமே அடுப்பு. மாசி முடிவதற்குள் மொட்டைமாடியைப் பெருக்கி, சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து இரண்டு கை அடித்துவிடுங்கள். வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பும். மழையில் கரைந்துவிடும், வருடா வருடம் அடிக்க வேண்டும். அதனால்தான் விலை குறைந்த சுண்ணாம்பு.

ஏசியை 24லேயே விடுங்கள். 2020 ஜனவரியிலிருந்து விற்கும் ஸ்டார் லேபிள் ஏசிகள் ஆன் செய்ததும் 24லேயே தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் வரை மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 16ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நம்பிக்கை மட்டுமே. சாதாரண ஏசி எந்த எண்ணிலும் ஒரே வேகத்தில்தான் குளிரூட்டும், 16ல் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். கூடவே ஒரு சீலிங் ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள்.

ஓசூர், தளி பக்கத்துக்காரர்கள் இந்தப் படியில் பாதியைத் தாண்டிவிடலாம். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் அரை மணி நேரம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு ராத்திரிச் சூட்டை வெளியே தள்ளினால் பல மாதம் ஏசியே வேண்டாம்.

8. ஊருக்கு வெளியே ஓடும் கம்ப்யூட்டர்

நாம் இங்கே தட்டும் வேலையில் ஒரு பகுதி எங்கோ ஒரு டேட்டா சென்டரில் நடக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024ல் உலக டேட்டா சென்டர்கள் 415 டெராவாட் அவர் (ஒரு டெராவாட் அவர் என்றால் நூறு கோடி யூனிட்) அளவுக்கு, உலக மின் பயன்பாட்டில் ஒன்றரை சதவீதம், இழுத்தன. 2030ல் அது 945 ஆகும் என்று மதிப்பிடுகிறார்கள். ஏஐதான் முக்கியக் காரணம்.

இதை வைத்து நம் கடையில் என்ன செய்வது? பழைய மெயிலை அழித்தால் பூமி பிழைக்கும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். கூகுள் 2025ல் வெளியிட்ட கணக்கில் அதன் ஏஐயான ஜெமினியிடம் கேட்கும் வழக்கமான ஓர் எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட் அவர் (1,000 வாட் அவர்தான் ஒரு யூனிட்). என் பழைய 95 வாட் மெஷின் ஒன்பது வினாடி சும்மா நின்றாலே அவ்வளவு ஆகிவிடும். அந்த நிறுவனமே சொல்லிக்கொண்ட கணக்கு, மாடலைப் பயிற்றுவித்த செலவு இதில் இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். படமும் வீடியோவும் உருவாக்குவது இதைவிடப் பல மடங்கு தின்னும்.

ஆகவே ஸ்டூடியோவில் ஒரு போஸ்டருக்கு நாற்பது ஏஐ படம் எடுத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை மட்டும் குறையுங்கள். என்ன வேண்டும் என்று பேப்பரில் கிறுக்கிவிட்டு உட்கார்ந்தால் நாலைந்தில் முடியும். சென்டரின் சொந்த மெஷின்கள் சும்மா ஓடும் வரைக்கும், ஏஐ கேள்வியைப் பற்றிக் கவலைப்படுவது வாசலை விட்டுவிட்டு ஜன்னலைப் பூட்டுவது மாதிரி.

9. சோலார்

இவ்வளவும் செய்து, இரண்டு பில் வந்து, புது யூனிட் கணக்கு நிலைத்த பிறகு சோலாரைப் பற்றிப் பேசலாம். நம் பக்கம் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும். பழைய கணக்குக்கு நான் 6 கிலோவாட் போட்டிருக்க வேண்டும். இப்போது 2 கிலோவாட்டில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் சென்டர் பகலில் ஓடுவது சோலாருக்கு வாகான விஷயம், வெயில் இருக்கும்போதே செலவாகிவிடுகிறது.

பணம் கொடுக்கும் முன் இவற்றை உறுதி செய்யுங்கள்:

பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை, வீட்டு இணைப்புக்கு மட்டும். கடை இணைப்புக்குக் கிடையாது. "மானியம் வாங்கித் தரோம்ணா" என்று கடைக்கு வந்து சொல்பவரிடம் உங்கள் இணைப்பு எந்த டாரிஃப் (கட்டண வகை) என்று பார்க்கச் சொல்லுங்கள். உபரி யூனிட்டை எப்படிக் கணக்கிடுவார்கள், வேறு கட்டணம் உண்டா என்பதை இ.பி. ஆபீசிலேயே நேரில் கேளுங்கள்.

பேட்டரி இல்லாமல் இ.பி. லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கவே அந்த ஏற்பாடு. உச்சி வெயிலில் கரண்ட் கட், மாடியில் பளபளவென்று பேனல், கீழே இருட்டு. பலரும் அதிர்ச்சியடைவது இந்த இடத்தில்தான்.

பேனல் தெற்குப் பார்த்து, 12 டிகிரி சுற்றிச் சாய்வாக இருக்க வேண்டும், நம் ஊர் அட்சரேகை அவ்வளவுதான். கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் எங்கே விழுகிறது என்று மார்கழியில் பாருங்கள். கோடையில் பார்த்துவிட்டு மாட்டினால் குளிர்காலத்தில் ஏமாற்றம். மாட்டிய பிறகு 15 நாளுக்கு ஒரு முறை அதிகாலையில் தண்ணீர் ஊற்றித் துடைக்க ஆள் வேண்டும்.

10. கழித்த சாமான்

பழைய பெட்டி, மானிட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். அது பின்னால் ஏதோ ஒரு கொல்லையில் ஒயர் எரிகிற புகையாகத்தான் முடியும். 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். நாலைந்து சென்டர்க்காரர்கள் சேர்த்து வைத்தால் வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வார்கள். கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கஸ்டமர்களின் ஆதார் நகல் எத்தனை கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யூபிஎஸ் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாம். ஆசிட்டைக் கீழே ஊற்றிவிட்டு எடைக்குப் போடுவது பேட்டரிக் கடைக்காரருக்கும் ஆகாது, உங்கள் வீட்டுப் போர்வெல்லுக்கும் ஆகாது.